மைனஸ் அக்கா

அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய மூக்குக்கண்ணாடிதான். குளிர் அறையிலிருந்து வெளியே வந்ததும் அது ஒரே நொடியில் பால் ஊற்றினாற்போல் வெளுத்துப்போகும். உள்ளே மைனஸ் பதினெட்டு டிகிரி. வெளியே மதுரையை ஒட்டிய பரவையின் சித்திரை மாத வெயில். மற்றவர்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்கள். துடைக்கத் துடைக்க மறுபடி மூடும். அவர் துடைக்க மாட்டார். இரண்டு கையையும் தடித்த ஜாக்கெட்டின் பைக்குள் விட்டுக்கொண்டு, கண் தெரியாமல் அப்படியே கதவோரம் நிற்பார்.

"சும்மா நின்னா ரெண்டு நிமிசத்துல அதுவாப் போயிரும் தம்பி. தொடச்சா பத்து நிமிசம்" என்பார். எதிரே நிற்பது நான்தான் என்று காலடிச் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கும்.

எங்கள் கம்பெனி பரவை மார்க்கெட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. உரித்த சின்ன வெங்காயம், நறுக்கிய முருங்கைக்காய், துருவிய தேங்காய், பரோட்டா என்று எல்லாவற்றையும் உறையவைத்து, குளிரூட்டும் கன்டெய்னரில் ஏற்றித் தூத்துக்குடி துறைமுகத்துக்கு அனுப்புவோம். அங்கிருந்து கொழும்பு போய், பெரிய கப்பலுக்கு மாறி, லண்டனுக்கோ துபாய்க்கோ டொரண்டோவுக்கோ போகும். அங்கே இருக்கிற நம் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காய் சாம்பார் வைப்பார்கள். என் வேலை அதற்கான காகிதங்கள். அவருடைய வேலை, சரக்கு கன்டெய்னருக்குள் ஏறுவதைப் பார்ப்பது. அவர் கையெழுத்துப் போடாமல் கதவு மூடாது. லாரி டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் மைனஸ் அக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்த மேனேஜரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அவரிடம் ஒரு தெர்மாமீட்டர் உண்டு. நுனியில் நீளமான ஊசி. சரக்கை ஏற்றும் முன் பத்து இருபது அட்டைப்பெட்டிகளை அவரே பொறுக்கி எடுப்பார், அதுவும் அடுக்கின் நடுவிலிருந்து. கை டிரில்லால் உறைந்த காயில் ஒரு துளை போட்டு, ஊசியை உள்ளே இறக்கி, எண் அசையாமல் நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். சுவரில் பெரிய டிஜிட்டல் போர்டு சிவப்பு எழுத்தில் டிகிரியைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். அதை அவர் ஏறிட்டும் பார்த்து நான் கண்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. லண்டனுக்குப் போகிற முருங்கைக்காய். சாயங்காலத்துக்குள் கன்டெய்னர் துறைமுகத்துக்குள் நுழைந்தாக வேண்டும். நான் எல்லாக் காகிதத்தையும் முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அக்கா ஏற்ற மாட்டேன் என்கிறார் என்று தகவல் வந்தது. ஓடினேன்.

"போர்டு பதினெட்டு காட்டுதுல்லக்கா, பெறகென்ன?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

"போர்டு சொல்றது காத்தோட கதை. நான் கேக்குறது காயோட கதை" என்று ஊசியைக் காட்டினார். மைனஸ் பதினொன்று.

மேனேஜர் வந்தார். "கன்டெய்னர மைனஸ் இருவத்தஞ்சுல வச்சு அனுப்புவோம்க்கா. போற வழியில டிகிரி தானா எறங்கிட்டுப் போகுது."

அவர் சிரித்தார். "சார், கன்டெய்னரு எதையும் குளிர வைக்காது. நாம குடுத்த குளிரக் கெடாமக் கொண்டுபோயிச் சேக்கும். அம்புட்டுத்தேன். நாம குறைச்சலாக் குடுத்தா அது எங்க போயி வாங்கிட்டு வரும்?"

சொல்லிவிட்டுக் கன்டெய்னரின் வாசலில் ஒரு மரப்பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குக் கப்பல் எங்கள் சரக்கு இல்லாமல் போனது. மதியத்துக்கு மேல் மெக்கானிக் வந்து பார்த்தபோது, காய்களை உறையவைக்கிற அறையில் ஒரு பக்கத்து மின்விசிறி இரண்டு நாளாகச் சுற்றவேயில்லை என்று தெரிந்தது.  அக்கா "சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் தப்பும் பண்ணியிருக்கிறார். இன்னொரு தடவை பரோட்டாவை இப்படி நிறுத்தினார். கப்பல் போன பிறகுதான், கெட்டிருந்தது அவருடைய தெர்மாமீட்டர் என்று தெரிந்தது. எப்போதோ கீழே விழுந்து அடிபட்டிருக்கிறது. மதியம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்து நின்று, "இன்னைக்குத் தப்பு எம்மேல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். மறுநாளிலிருந்து தினமும் காலையில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஐஸை நொறுக்கிப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஊசியை அதில் வைப்பார். பூஜ்யம் காட்டினால்தான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போவார்.

வெளியிலும் இதே குணம்தான். மார்க்கெட்டில் மூட்டையின் மேலே இருக்கும் காயைத் தொட மாட்டார். கை முழங்கைவரை உள்ளே போய் அடியிலிருந்து ஒன்றை எடுத்துவரும். "மேல இருக்கிறது யாவாரி காட்டுறது. அடியில இருக்கிறதுதேன் நம்ம வீட்டுக்கு வரும்" என்பார். காய்ச்சல் என்று யாராவது லீவு கேட்டால் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். அதில் சந்தேகம் எதுவும் இருக்காது. அவருடைய அக்கறை அந்தக் கை வழியாகத்தான் வரும். என் கல்யாணத்துக்கு முன்னால் திருநகரில் நான் பார்த்துவைத்திருந்த வாடகை வீட்டுக்கு அவரே வந்து, ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடி, ஒவ்வொரு சுவரிலும் உள்ளங்கையை வைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். பின்பக்கத்து அறைச் சுவர் ஒன்றில் கையை எடுக்காமல் நின்று, "இந்த வீடு வேணாம் தம்பி" என்றார்.

அக்காவின் சொந்த ஊர் திருவாதவூர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவும் அறுப்புமாக இருந்தவர்கள். பத்தாவது வரை படித்தார். பரவைக்கு வாக்கப்பட்டு வந்தார். மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய கணவர் மஞ்சள் காமாலையில் இறந்தபோது மகன் பாண்டி ஐந்தாம் வகுப்பு. எங்கள் கம்பெனிக்கு வெங்காயம் உரிக்க வந்தவர் அவர். கண்ணீர் வழிய உரித்துக்கொண்டிருந்த நாற்பது பேரில், அழுகல் ஒன்றுகூடக் கூடைக்குள் போகாதது அவருடைய கூடை மட்டும்தான் என்று யாரோ கவனித்தார்கள். அங்கிருந்து பன்னிரண்டு வருடத்தில் கன்டெய்னர் கதவுவரை வந்தார். திருவாதவூரில் மூன்று சென்ட் வாங்கி இரண்டு அறை கட்டியிருந்தார். அந்தக் குடும்பத்தின் பெயரில் அந்த மண்ணில் எழுதப்பட்ட முதல் இடம் அது.

பாண்டி ஐடிஐயில் ஏசி மெக்கானிக் படித்தான். கன்டெய்னர் பழுது பார்க்கிற கான்ட்ராக்டரிடம் சேர்ந்து, எங்கள் கம்பெனிக்கே சில தடவை வந்திருக்கிறான். அம்மாவைப் போலவே வாட்டசாட்டம். அம்மாவைப் போலில்லாமல் எதற்கெடுத்தாலும் சிரிப்பான். என்னை மாமா என்பான். பிறகு கப்பலில் வேலை கிடைத்தது. பெரிய கன்டெய்னர் கப்பல்களில் குளிர்ப்பெட்டிகள் மட்டும் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றைப் பார்த்துக்கொள்கிற ஆள். அக்கா ஒரு கரையில் கதவைச் சாத்தி அனுப்புவார், மகன் கடலில் அதைக் காவல் காப்பான் என்று நாங்கள் கேலி செய்வோம். அவருக்கு அந்தக் கேலி ரொம்பப் பிடிக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மதுரை ஜங்ஷனுக்கு நானும் போயிருந்தேன். பாண்டி ரயில் கதவில் நிற்கிறான். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

"கப்பல்ல எல்லா டிகிரியும் கம்ப்யூட்டர்லயே வந்துருமாம்ல. அதப் பாத்து எழுதிட்டு ரூம்ல படுத்துறாதப்பா. ஏறிப் போயிப் பாரு. கைய வச்சுப் பாரு."

"சரிம்மா."

"மோட்டரு சத்தத்தக் கேளு. அது பொய் சொல்லாது."

"சரிம்மா, வண்டி கெளம்புது. நல்லா இருடான்னு ஒரு வார்த்த சொல்லு."

"அதச் சொல்லணுமாக்கும்" என்றார்.

அவன் போன பிறகு, மதிய சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வருவது அவருக்கு வழக்கமாயிற்று. கப்பல்கள் எங்கே போகின்றன என்று கம்ப்யூட்டரில் ஒரு வரைபடம் காட்டும். நீலக் கடலில் சின்னச் சின்ன அம்புகள். பாண்டியின் கப்பலை நான் தேடிக் காட்டுவேன். டிபன் பாக்ஸைத் திறக்காமல் அந்த அம்பையே பார்த்துக்கொண்டிருப்பார். கரையை விட்டு ரொம்ப தூரம் போனால் அம்பு மறைந்துவிடும். "எங்க தம்பி காணோம்?" என்பார். நடுக்கடல்ல சிக்னல் கிடைக்காதுக்கா என்பேன். மறுபடி அம்பு தெரிகிற நாளில்தான் வயிறாரச் சாப்பிடுவார். துறைமுகத்திலிருந்து அவன் வீடியோவில் கூப்பிட்டால், "அங்க எம்புட்டு டிகிரி?" என்பதுதான் முதல் கேள்வி. "சாப்டியான்னு கேளும்மா மொதல்ல" என்று அவன் கத்துவது என் மேசைவரை கேட்கும்.

அவன் மூன்றாம் தடவையாகக் கப்பலேறிய வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு என் போன் அடித்தது. குளிர் அறையின் தடித்த சுவர்களுக்குள் சிக்னல் கிடைக்காது என்பதால், அம்மா எண்ணுக்கு அடுத்ததாகப் பாண்டி என் எண்ணைக் கொடுத்திருந்தான். கப்பலுக்கு ஆள் அனுப்புகிற மும்பை ஆபீஸிலிருந்து பேசினார்கள். ஆங்கிலத்தில், மெதுவாக, ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொன்னார்கள். கன்டெய்னர் அடுக்கின் ஏணியிலிருந்து தவறி விழுந்திருக்கிறான். மூன்று மாடி உயரம். காப்பாற்ற முடியவில்லை.

நான் எழுந்து போனேன். கன்டெய்னரின் வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். பின்னால் வெள்ளைப் புகைபோலக் குளிர். பாதிச் சரக்கு ஏறியிருந்தது.

"அக்கா, கொஞ்சம் வெளிய வாங்க."

"கதவு தொறந்து கெடக்குதுல்ல தம்பி. இத முடிச்சிட்டு வாரேன்."

நான் சொல்லியிருக்க வேண்டும். கையைப் பிடித்து இழுத்து வந்திருக்க வேண்டும். சொல்லவில்லை. ஓரமாகப் போய் நின்றுகொண்டேன். அவர் ஊசியை இறக்கி எண்ணைப் பார்த்தார். மேல் அடுக்கு கன்டெய்னரின் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருக்கிறது, காற்று எப்படிப் போகும் என்று ஒருவனை அதட்டினார். ஏதோ சொல்லி லோடு ஏற்றும் பெண்களைச் சிரிக்க வைத்தார், தானும் சிரித்தார். கடைசி அட்டை ஏறியது. கதவின் ரப்பரை விரலால் சுற்றிவரத் தடவிப் பார்த்தார். சாத்தினார். சீல் நம்பரைச் சத்தமாக வாசித்தார். கையெழுத்துப் போட்டார். மொத்தம் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் அவருக்கு மகன் இருந்தான். அதை அவரிடமிருந்து பிடுங்க எனக்குக் கை வரவில்லை.

பிறகு என்னிடம் வந்தார். கண்ணாடி வெளுத்திருந்தது. "சொல்லு தம்பி" என்றார். சொன்னேன்.

அவர் கத்தவில்லை. லாரி வந்து ஒட்டுகிற அந்த சிமெண்டு மேடையில் அப்படியே உட்கார்ந்தார். "எந்தக் கடல்ல?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மதியம் மும்பைக்காரர் மறுபடி பேசினார். அடுத்த துறைமுகம் ஒன்பது நாள் தூரம். அதுவரை உடல் கப்பலில்தான் இருக்கும். நான் போனில் கேட்டுக் கேட்டுத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா என் மேசைக்கு எதிரே, ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். குளிர் அறையில் வைத்திருக்கிறார்களாம் என்றேன்.

"எத்தன டிகிரில?"

என்னால் அதை ஆங்கிலத்தில் கேட்க முடியவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.  கப்பலைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார் மும்பைக்காரர். அரை மணி நேரத்தில் கூப்பிட்டார். நல்ல மனிதர். கப்பலில் சமையல் சாமான் வைக்க இரண்டு அறைகள், காய்கறி அறையில் நாலு டிகிரி, இறைச்சி அறையில் மைனஸ் பதினெட்டு. உடல் இப்போது காய்கறி அறையில் இருக்கிறது, மற்றதில் ஒரு ஓரத்தைக் காலி செய்துகொண்டிருக்கிறார்கள், வீட்டில் ஏதாவது சொல்ல விரும்புகிறார்களா என்று கேப்டன் கேட்கிறார் என்றார்.

சொன்னேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"மெதுவா உறைஞ்சா உள்ள ஐசு ஊசி ஊசியா வளரும் தம்பி. சதையக் கிழிச்சிரும். எளகும்போது தண்ணி விடும். மூஞ்சி மாறிப்போகும். வேணாம். நாலு டிகிரிலயே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். விரல்கள் மடியில் ஒவ்வொன்றாக மடங்கின. எத்தனையோ சரக்குக்கு அவர் போட்ட கணக்கு. எத்தனை டிகிரியில் எது எத்தனை நாள் தாங்கும் என்று அவரைவிடத் தெரிந்தவர் எங்கள் கம்பெனியிலேயே கிடையாது. அன்றைக்கு ஒன்றும் தெரியாத அம்மாவாக அவர் இருந்திருக்கக் கூடாதா என்று நான் சாமியைத் திட்டினேன்.

"ஒம்பது நாளு" என்றார். "நாலு டிகிரி தாங்காது." அப்புறம் நிமிர்ந்தார். "மைனஸ் பதினெட்டுலயே வைக்கச் சொல்லு. ஆனா கதவ அடிக்கடி தொறக்க வேணாம்னு சொல்லு தம்பி. கறி எடுக்கணும், மீனு எடுக்கணும்னு யாரும் உள்ள போயிட்டு வந்துட்டு இருக்க வேணாம். சொல்லு."

சொன்னேன்.  மும்பைக்காரர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பன்னிரண்டாம் நாள் கப்பலிலிருந்து அறிக்கை வந்தது, இரண்டு பக்க ஆங்கிலம். அக்கா அதைக் கையில் வாங்கி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "ஒரு எழுத்து விடாம வாசி."

வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். நேரம், மழை, ஈரமான ஏணி, முதலுதவி. நடுவில் ஒரு பத்தி. திரையில் அந்த அடுக்கிலிருந்த ஒரு கன்டெய்னரின் டிகிரி சரியாகவே காட்டியது என்றும், நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பாண்டி தானாகவே ஏறினார் என்றும், எதையும் நேரில் தொட்டுப் பார்ப்பது அவருடைய வழக்கம் என்றும் எழுதியிருந்தார்கள். நான் அதைத் தாண்டி அடுத்த பத்திக்குப் போனேன்.

"அந்த மழையில எதுக்கு ஏறுனான்?" என்று கேட்டார்.

"வேலதான்க்கா. ஏறச் சொல்லி ஆர்டர் போட்டிருக்காங்க."

"ம்" என்றார்.

பாண்டி மதுரை விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்தது முப்பத்து மூன்றாம் நாள். திருவாதவூர் வீட்டு வாசலில் மரப்பெட்டியை இறக்கினோம். திறக்க வேண்டாம், நாளாகிவிட்டது என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. அவரே திறந்தார். கன்னத்தில் புறங்கையை வைத்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றி, கையை உள்ளே விட்டு, நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து, அசையாமல் நின்றார். அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"வழியில எங்கயும் கெடல" என்றார். கையெழுத்துப் போடுகிற அதே குரல்.

ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். ஜாக்கெட் போட்டுக்கொண்டு கன்டெய்னர் வாசலில் நின்றார். டிரைவர்கள் சத்தம் போடாமல் ஒதுங்கிப் போனார்கள். இரண்டு நாள் கழித்து லோடு ஏற்றும் பெண்களில் ஒருத்தி என்னிடம் வந்தாள். "அண்ணே, அக்கா ஊசி போட்டே பாக்க மாட்டேங்குறாங்க. போர்டப் பாத்து எழுதிக் கையெழுத்துப் போடுறாங்க. எங்களுக்குப் பயமா இருக்கு."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். சுவரில் சிவப்பு எழுத்து. அதை நிமிர்ந்து பார்த்தார், எழுதினார், கதவைச் சாத்தச் சொன்னார். அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அன்று மதியம் அவர் என் மேசைக்கு வந்தார். டிபன் பாக்ஸ் இல்லை. கையில் அந்த இரண்டு பக்கம்.

"நீ ஒரு பத்திய விட்டுட்ட தம்பி."

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வாசிக்கும்போது உன் கண்ணு ஒரு எடத்துல தாண்டுச்சு. அதேன் எங்க தெரு டீச்சருகிட்டக் குடுத்து வாசிக்கச் சொன்னேன்." காகிதத்தை மேசையில் வைத்து, மடிப்பு போகும்படி கையால் நீவினார். "உம்மேல தப்பில்ல. நீ நல்லதுக்குத்தேன் விட்ட. நான்தேன் கேட்டுருக்கக் கூடாது."

"அக்கா, அது உங்களால இல்ல. மழை. ஏணி வழுக்கியிருக்கு."

"ஏறச் சொல்லி ஆர்டர் போட்டாங்கன்னு சொன்னீல்ல? அது பொய்யில்ல தம்பி. போட்டது நானு. ஜங்சன்ல வச்சுப் போட்டேன்."

அந்த வாரத்தோடு வேலையை விட்டுவிட்டார். மேனேஜர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். திருவாதவூரில் போய் இருந்துகொண்டார். நான் எப்போதாவது போனில் கூப்பிடுவேன். நல்லா இருக்கேன் என்பார். வேறு பேச்சு இருக்காது.

ஒரு வருடம் கழித்து, பாண்டியோடு கப்பலில் இருந்த ஒருவன் என்னைத் தேடி வந்தான். ராமநாதபுரத்துப் பக்கம் ஊர். லீவில் வந்திருக்கிறான். பாண்டியின் அம்மாவைப் பார்க்க வேண்டும், ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றான். அவனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன். காலை வேளை. அக்கா வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். யாரென்று தெரிந்ததும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பாண்டி சந்தேகப்பட்டதுதான்ம்மா சரி. அந்தக் கன்டெய்னர் உண்மையிலயே ஓடல. திரையில மட்டும் பழைய டிகிரியே நின்னுக்கிட்டு இருந்திருக்கு. அவன் மேல போயிப் பாத்துட்டு வயர்லெஸ்ல சொன்னான், இது செத்துப் போச்சுடா, நான் எறங்கி வாரேன்னு. எறங்கும்போதுதான்... அதுக்கப்புறம் நாங்க அதச் சரி பண்ணிட்டோம். சரக்கு கெடாமப் போய்ச் சேந்துருச்சு. இத உங்ககிட்ட யாராச்சும் சொல்லணும்னு இருந்துச்சு."

அவர் முறத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவன் சொன்னதில் ஆறுதல் இருக்கிறதா, இன்னொரு அடி இருக்கிறதா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது.

"அதுல என்ன இருந்துச்சுய்யா?"

"உருளைக்கிழங்கும்மா. நீளநீளமா வெட்டி உறைய வச்சது. கடையில வறுத்துக் குடுப்பாங்கல்ல."

"உருளைக்கிழங்கு" என்றார். மறுபடியும், "உருளைக்கிழங்கு."

அழுதார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தமே இல்லை, தோள்பட்டை மட்டும் ஆடியது. அந்தப் பையன் அவர் காலடியில் போய் உட்கார்ந்துகொண்டான். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, அவன் தலையில் கை வைத்து, "விழுந்ததும் உசுரு போயிருச்சாய்யா?" என்று கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். "உடனே போயிருச்சும்மா. அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

அக்கா அவன் முகத்தையே பார்த்தார். கையில் ஊசியோடு, எண் அசையாமல் நிற்கட்டும் என்று காத்திருப்பாரே, அந்தப் பார்வை.  ஆனால் அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "சரிய்யா" என்றார். எங்களுக்குச் சோறு போட்டார். அவன் சாப்பிட முடியாமல் சாப்பிட்டான்.

மேலூர் ரோட்டுக்கு வந்து சேருமுன் வண்டியை நிறுத்தச் சொன்னான். ஒரு கருவேல மர நிழலில் இறங்கி நின்றான்.

"நாப்பது நிமிசம் இருந்தாண்ணே" என்றான். "நல்லா நெனவு இருந்துச்சு. அம்மாவுக்குப் போன் போடுங்கடான்னு சொல்லிக்கிட்டே இருந்தான். நடுக்கடலு, செல்லு எடுக்காது. கப்பல் போனு மேல கேப்டன் ரூம்ல, அவன அசைக்கவும் முடியல. எங்கண்ணே போடுறது?"

அதற்குப் பிறகு நான் அக்காவைப் பார்க்கவில்லை. வருடங்கள் ஆகின்றன. பொங்கலுக்குப் போன் செய்வார், வீட்டுக்கு வா தம்பி, பிள்ளைகளைக் கூட்டிட்டு வா என்பார். வாரேன்க்கா என்பேன். போனால் எதிரே உட்கார வைத்து என் கண்ணைப் பார்ப்பார். அதனால் அந்தப் பக்கமே நான் போவதில்லை.